பழகுவதற்கு முன் வரும் கிறுகிறுப்பு

நேயர்களுக்கு வணக்கம்.

எனக்கு அப்போது 19 வயது. மருத்துவக் கல்லூரி விடுதியின் மொட்டைமாடி, இரவு பதினொரு மணி. பரீட்சை முடிந்த சந்தோஷத்தில் நண்பன் ஒருவன் ஒரு சிகரெட்டைப் பற்றவைத்துக் கையில் கொடுத்தான். முதல் இழுப்பில் இருமல். இரண்டாவதில் தொண்டை எரிந்தது. மூன்றாவதை ஆழமாக இழுத்து உள்ளேயே நிறுத்திப் பார்த்தேன். அவ்வளவுதான். எதிரே இருந்த தண்ணீர்த் தொட்டி இடப்பக்கமாகச் சாய்ந்தது. கைப்பிடிச் சுவரைப் பிடித்தேன், சுவரும் நிலையாக இல்லை. உள்ளங்கை வியர்த்தது, வாயில் எச்சில் ஊறியது, வயிறு புரண்டது. நண்பன் சிரித்துக்கொண்டே முதுகில் தட்டி ஒரே ஒரு சொல் சொன்னான்: "பழகிடும்டா."

அவன் சொன்னது பொய்யில்லை. பழகிவிட்டது. பன்னிரண்டு வருடம் பழகிக் கிடந்தேன். அப்புறம்தான் விட்டேன்.

நிகோட்டின் ஏன் தலையைச் சுற்ற வைக்கிறது என்று பேசச் சொல்லி நிலையத்தார் என்னை அழைத்திருக்கிறார்கள். புகைக்காதீர்கள் என்று நான் சொல்லப் போவதில்லை. அதைப் பெட்டியிலேயே படம் போட்டு அச்சடித்திருக்கிறார்கள், என் குரலைவிட அது பெரிய எழுத்து. அந்த மூன்றாவது இழுப்பில் உடம்புக்குள் என்ன நடந்தது, பின்னால் அது ஏன் நடக்காமல் போனது, இந்த இரண்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். இரண்டும் ஒரே கதையின் இரண்டு பாதி.

முதலில் சொல்லைக் கொஞ்சம் பிரித்துக்கொள்வோம். "தலை சுத்துது டாக்டர்" என்று ஒருவர் வந்து உட்கார்ந்தால் நான் உடனே மாத்திரை எழுதுவதில்லை. "நீங்க சுத்துறீங்களா, சுவர் சுத்துதா?" என்று கேட்பேன். சிலருக்குக் கோபம்கூட வரும், கிண்டல் செய்கிறேன் என்று நினைப்பார்கள். ஆனால் அந்தப் பதிலில்தான் பாதி நோயறிதல் இருக்கிறது. சுவர் சுற்றினால் உள்காதையும் சமநிலையையும் பார்க்க வேண்டும். எழுந்து நின்றதும் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தால் ரத்த அழுத்தத்தைப் பார்க்க வேண்டும். தலை பஞ்சு மாதிரி மிதந்தால் அது கிறுகிறுப்பு. தலை தெளிவாக இருந்தும் கால் நிற்கவில்லை என்றால் தள்ளாட்டம். இப்படித் தனித்தனிச் சொல் இருந்தும், அவசரத்துக்கு எல்லாவற்றையும் 'தலைசுற்றல்' என்ற ஒரே பையில் போட்டுவிடுகிறோம். நிகோட்டினுடைய விசித்திரம் என்னவென்றால், இந்த நான்கையும் அதனால் ஒரே நேரத்தில் கிளப்ப முடியும். காதைத் தொடுகிறது, ரத்த ஓட்டத்தைத் தொடுகிறது, மூளையைத் தொடுகிறது. ஒரு சிறு மூலக்கூறுக்கு இத்தனை வீட்டில் நுழைய வழி எப்படிக் கிடைத்தது?

நிகோட்டின் புகையிலைச் செடி தன் பாதுகாப்புக்காகச் செய்து வைத்துக்கொண்ட விஷம். வேரில் தயாரித்து இலைக்கு ஏற்றுகிறது. புழு கடித்தால் உற்பத்தியை இன்னும் கூட்டுகிறது. இலையைத் தின்னும் பூச்சியின் நரம்பை முடக்குவதுதான் அதன் வேலை. மனிதர்களும் அதைப் பிழிந்தெடுத்து நெடுங்காலம் பூச்சிக்கொல்லியாகத் தெளித்தார்கள். 1560 வாக்கில் லிஸ்பனில் பிரெஞ்சுத் தூதராக இருந்த ழான் நிக்கோ, புகையிலையை நல்ல மருந்து என்று நம்பித் தன் நாட்டு அரசவைக்கு அனுப்பினார். அந்தப் புண்ணியத்துக்கு இந்த விஷத்துக்கு அவர் பெயர். 1828ல் ஹைடெல்பெர்க்கில் போசெல்ட், ரைமான் என்ற இருவர் அதை இலையிலிருந்து தனியாகப் பிரித்தெடுத்தார்கள்.

ஆனால் உடம்புக்குள் அது என்ன செய்கிறது என்பதற்கு முதல் துப்பு கேம்பிரிட்ஜில் கிடைத்தது. ஜான் லாங்லி என்ற உடலியல் அறிஞர் 1889ல் தன் சகா டிக்கின்சனோடு சேர்ந்து, விலங்குகளின் நரம்பு முடிச்சுகள் மேல் தூரிகையால் நிகோட்டினைத் தடவிப் பார்த்தார். நரம்பு முடிச்சு என்பது ஒரு நரம்பிலிருந்து அடுத்த நரம்புக்குச் செய்தி கைமாறும் இடம். தடவியதும் அந்த இடத்தில் செய்தி நின்றுபோனது. பிறகு 1905ல் கோழியின் தசையில் சோதித்தார். தசைக்குப் போகும் நரம்பு வேலை செய்யாவிட்டாலும் நிகோட்டின் பட்டால் தசை சுருங்கியது. அம்புமுனை விஷமான க்யூராரேயைக் கொடுத்தால் அந்தச் சுருக்கம் தடைபட்டது. அப்படியானால் தசையிலேயே, நிகோட்டினைப் பிடித்துக்கொள்ளும் ஏதோ ஒரு பொருள் இருக்க வேண்டும் என்று சொன்னார். இன்று மருந்தியல் முழுக்க நிற்பது அந்த ஊகத்தின் மேல்தான். அந்தப் பொருளை இப்போது ஏற்பி என்கிறோம், ரிசெப்டர்.

உடம்பு அந்த ஏற்பியை நிகோட்டினுக்காகச் செய்து வைக்கவில்லை. அதன் உண்மையான சாவி அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள். 1921ல் ஓட்டோ லோவி தவளை இதயத்தை வைத்து, நரம்பு ஒரு ரசாயனத்தைச் சுரந்துதான் பேசுகிறது என்று காட்டினார். அந்த ரசாயனம் இதுதான் என்று பின்னால் தெளிவானது. கை அசைய, இதயம் வேகம் மாற, குடல் நகர, கவனம் நிற்க, எல்லாவற்றுக்கும் இந்தச் சாவியைத்தான் உடம்பு பயன்படுத்துகிறது. நிகோட்டின் தற்செயலாக அதே பூட்டில் பொருந்திப்போகிற கள்ளச்சாவி. கள்ளச்சாவியின் பெயரையே பூட்டுக்கு வைத்துவிட்டார்கள் என்பது வேறு கதை. 'நிகோட்டினிக் ஏற்பி' என்றுதான் எல்லாப் பாடநூல்களிலும் இருக்கிறது, ஒரு பூச்சிமருந்தின் பெயர் நம் மூளையின் பாகம் ஒன்றுக்கு.

இங்கே ஒரு நுணுக்கத்தைக் கவனியுங்கள், மீதிக் கதை முழுக்க இதில்தான் தொங்குகிறது. உண்மைச் சாவியான அசிட்டைல்கோலின் கதவைத் திறந்த மறுகணமே ஒரு நொதி வந்து அதை வெட்டிப் போட்டுவிடும். ஆயிரத்தில் ஒரு பங்கு நொடி என்ற கணக்கில் நடக்கிற வேலை. திற, மூடு, திற, மூடு. நரம்பின் பேச்சே அந்தத் துடிப்புதான். நிகோட்டினை அந்த நொதியால் தொட முடியாது. சாவி பூட்டிலேயே நிற்கிறது. முதலில் கதவு திறந்தபடி கிடக்கிறது, தேவையில்லாத சத்தமெல்லாம் உள்ளே வருகிறது. சற்று நேரத்தில் பூட்டு தானாகவே இறுகி, சாவி உள்ளே இருக்கும்போதே கதவு மூடிக்கொள்கிறது. அப்புறம் உண்மைச் சாவி வந்தாலும் திறக்காது. முதலில் தூண்டல், பிறகு முடக்கம். லாங்லி கோழியில் பார்த்தது முதல் பாதி, நரம்பு முடிச்சில் பார்த்தது இரண்டாம் பாதி. மொட்டைமாடியில் எனக்கு வரிசையாக இரண்டும் கிடைத்தன.

சரி, வேகத்துக்கு வருவோம். நுரையீரலின் உட்பரப்பை விரித்தால் பெரிய கூடத்தின் தரையை மூடும். அவ்வளவு அகலத்தில் புகை ரத்தத்தைத் தொடுகிறது. அங்கிருந்து இதயத்தின் இடப்பக்கம், அங்கிருந்து நேராக மூளை. இழுத்த பத்து முதல் இருபது நொடிக்குள் நிகோட்டின் மூளையில் இருக்கும். ஊசிமூலம் கையின் ரத்தக்குழாயில் ஏற்றினால்கூட இதைவிட விரைவாகப் போகாது. ஒரு சிகரெட்டிலிருந்து உடம்பில் சேருவது மொத்தமே 1 முதல் 1.5 மில்லிகிராம்தான். ஆனால் அது கைப்பிடி கைப்பிடியாக, ஒவ்வொரு இழுப்புக்கும் ஓர் அலையாக மூளையில் மோதுகிறது.

இதோடு நிகோட்டின் ஒட்டுப்பட்டையை ஒப்பிட்டுப் பாருங்கள். புகையை விட நினைப்பவர்கள் தோளில் ஒட்டிக்கொள்வார்களே, அது. பெரிய அளவுப் பட்டையில் 21 மில்லிகிராம். ஏறக்குறைய ஒரு பெட்டி சிகரெட்டின் நிகோட்டின். ஆனால் 24 மணி நேரத்தில் சொட்டுச் சொட்டாகத் தோல் வழியே இறங்குகிறது. பழகியவர் அதை ஒட்டிக்கொண்டு வேலைக்குப் போய்வருகிறார், ஒன்றும் சுற்றுவதில்லை. தலையைச் சுற்ற வைப்பதில் எவ்வளவு என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் என்பதற்குப் பங்கு அதிகம். படியில் இறங்குவதற்கும் அதே உயரத்திலிருந்து குதிப்பதற்கும் உள்ள வித்தியாசம்.

மூளைக்குள் போன அலை எங்கெங்கே மோதுகிறது என்று பார்க்கலாம். இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் சமநிலை, அதனால் அங்கே கொஞ்சம் அதிக நேரம் நிற்கப்போகிறேன்.

நாம் நேராக நிற்கிறோம் என்பது மூளை ஒவ்வொரு கணமும் போடும் ஒரு கணக்கு. உள்காதில் உள்ள அரைவட்டக் குழாய்கள் தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று சொல்கின்றன. கண் ஒரு செய்தி தருகிறது. பாதமும் மூட்டுகளும் இன்னொன்று. மூன்றும் ஒத்துப்போனால் நமக்கு எதுவும் தெரியாது. ஒன்று மாறிச் சொன்னால் உலகம் சுழலும். மூளை உள்காதுக்கு அனுப்பும் கட்டளை நரம்புகள் அசிட்டைல்கோலினில்தான் பேசுகின்றன. உள்காதின் மயிரிழைச் செல்களில் நிகோட்டினிக் வகை ஏற்பிகள் இருக்கின்றன. காதுச் செய்தியை வாங்கிக் கண்ணுக்கும் கழுத்துக்கும் கட்டளை பிரிக்கும் மூளைத்தண்டின் மையங்களிலும் அசிட்டைல்கோலினுக்கு வேலை உண்டு. கள்ளச்சாவி இந்த இடங்களில் எல்லாம் புகுந்தால் கணக்கு தவறத்தானே செய்யும்.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம் என்பதுதான் சுவாரசியம். 1980களில் ஆய்வாளர்கள், புகைத்தவர்களை இருட்டில் உட்காரவைத்துக் கண்ணின் அசைவைக் கருவியால் பதிவுசெய்தார்கள். கண்கள் மெல்லக் கீழே வழுக்கி, சட்டென்று மேலே துள்ளின. மறுபடி வழுக்கல், மறுபடி துள்ளல். விளக்கைப் போட்டு ஒரு புள்ளியைப் பார்க்கச் சொன்னதும் அந்தத் துள்ளல் அடங்கியது. பிறகு வேறு ஆய்வுகளில் நிகோட்டினைத் தனியாகக் கொடுத்து ஆட்களை ஒரு மேடையில் நிற்கவைத்தார்கள். நிற்கும் உடம்பின் அசைவு கூடியது. எவருக்குக் கண் அதிகமாகத் துள்ளியதோ அவர் உடம்பும் அதிகமாக ஆடியது. என் மொட்டைமாடி இருட்டாக இருந்தது. பிடித்துக்கொள்ள வெளிச்சமான ஒரு புள்ளிகூட இல்லாததால்தான் தண்ணீர்த் தொட்டி அப்படிச் சாய்ந்திருக்க வேண்டும் என்று இந்த ஆய்வைப் படித்த அன்று எனக்குத் தோன்றியது. யாருக்காவது இப்படித் தலை சுற்றும்போது கண்ணை மூடிப் படு என்று நாம் சொல்கிறோம். சிலருக்கு அது சுழற்சியைக் கூட்டும். அசையாத ஒரு பொருளைப் பார்த்தபடி உட்காருவது இவர்களுக்கு நல்லது.

அடுத்து முகுளம். மூளைத்தண்டின் அடியில், ரத்தத்தில் விஷம் கலந்திருக்கிறதா என்று முகர்ந்து பார்க்கும் ஒரு சிறு பகுதி இருக்கிறது. மூளையின் மற்றப் பகுதிகளுக்கு இருக்கும் பாதுகாப்புத் திரை அதற்குக் கிடையாது. வேண்டுமென்றே திறந்து வைக்கப்பட்ட காவல்சாவடி. நிகோட்டினைக் கண்டதும் அது வாந்திக் கட்டளையைக் கிளப்புகிறது. எச்சில் ஊறுவது, முகம் வெளுப்பது, குளிர்ந்த வியர்வை, குமட்டல் எல்லாம் இந்த வழியில் வருபவை. பஸ்ஸில் போகும்போது சிலருக்கு வருமே, கிட்டத்தட்ட அதே கூட்டணி. சமநிலை குழம்பினால் மூளை, ஏதோ விஷத்தைத் தின்றுவிட்டோம் என்று எடுத்துக்கொண்டு வயிற்றைக் காலிசெய்யப் பார்க்கிறது என்று ஒரு விளக்கம் உண்டு. நிகோட்டின் விஷயத்தில் மூளையின் அந்தச் சந்தேகம் நூற்றுக்கு நூறு சரி.

ரத்த ஓட்டம் அடுத்தது. நிகோட்டின் அட்ரினல் சுரப்பியைத் தட்டி அட்ரினலினை அவிழ்த்துவிடுகிறது. நாடி நிமிடத்துக்குப் பத்துப் பதினைந்து துடிப்பு ஏறும், ரத்த அழுத்தமும் கொஞ்சம் ஏறும், தோலின் சிறு குழாய்கள் சுருங்கி விரல் நுனி குளிரும். "நிகோட்டின் மூளைக்குப் போகும் ரத்தத்தை அடைத்துவிடுகிறது, அதனால்தான் தலை சுற்றுகிறது" என்று பலரும் எழுதுகிறார்கள். எனக்கு அந்த விளக்கத்தில் திருப்தியில்லை. விரலில் நடப்பது அப்படியே மூளையிலும் நடக்கும் என்பதில்லை. புகைத்தவுடன் மூளையின் பெரிய குழாய்களில் ஓட்டம் கூடியதையும் அளந்திருக்கிறார்கள். கண்ணிருட்டல் வருவது பெரும்பாலும் அளவு மிஞ்சும்போது. நரம்பு முடிச்சுகளில் தூண்டல் முடிந்து முடக்கம் தொடங்கும், இதயத்தை மெதுவாக்கும் வேகஸ் நரம்பின் கை ஓங்கும், நாடியும் அழுத்தமும் சரியும். அந்த நேரத்தில் ஆள் நின்றுகொண்டிருந்தால், அதுவும் வெறும் வயிற்றோடு, மயங்கி விழவும் கூடும்.

நிகோட்டின் மேல் எல்லாப் பழியையும் போடவும் கூடாது. புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுகப் பற்றிக்கொள்ளும் வாயு. ஹூக்காவில் கரி எரிகிறது, ஒரு மணி நேரம் உட்கார்ந்து இழுக்கிறார்கள். அங்கே தலை கனத்து, வலித்து, ஆள் சரிந்தால் நிகோட்டினைவிட இந்த வாயுவைத்தான் முதலில் சந்தேகிப்பேன். உடனே திறந்த வெளிக்குக் கொண்டுபோய், மருத்துவமனைக்கும் போக வேண்டிய விஷயம் அது.

புகையில்லாத பொருட்களுக்கு வருகிறேன். வாயில் வைக்கும் புகையிலை, நிகோட்டின் பை, சூயிங்கம் எல்லாவற்றுக்கும் ஒரே ரசாயன விதி. காரத்தன்மை இருந்தால் நிகோட்டின் வாயின் சவ்வு வழியே ரத்தத்தில் இறங்கும், அமிலம் இருந்தால் இறங்காது. அதனால்தான் இந்தப் பொருட்களில் காரம் சேர்க்கிறார்கள். சுருட்டின் புகை காரம், அதை நுரையீரல்வரை இழுக்காமல் வாயில் வைத்திருந்தாலே போதும். சாதாரண சிகரெட் புகை லேசான அமிலம், உள்ளே இழுத்தால்தான் ஏறும்.

நிகோட்டின் சூயிங்கம் வாங்கிய ஒருவர் அதைச் சாதாரணச் சூயிங்கம் மாதிரி அரைமணி நேரம் விடாமல் மென்று, விக்கலும் தலைசுற்றலுமாக என்னிடம் வந்தார். அதை மெல்லும் முறையே வேறு. நாக்கில் மிளகு மாதிரி உறைக்கும்வரை மென்று, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வைக்க வேண்டும். சுவை குறைந்தால் மறுபடி சில முறை மெல்ல வேண்டும். அவசரமாக மென்றால் நிகோட்டின் எச்சிலோடு வயிற்றுக்குள் போய் அங்கே தொல்லை செய்யும். காப்பியோ பழச்சாறோ குடித்த கையோடு போட்டால், அந்த அமிலத்தில் வேலையும் செய்யாது. பட்டையில் இன்னொரு தவறு நடக்கும், நேற்று ஒட்டியதை எடுக்க மறந்து இன்று புதிதை ஒட்டுவது. இரண்டு பட்டை, இரட்டை அளவு, மதியத்துக்குள் கிறுகிறுப்பு.

மின்சிகரெட்டைப் பற்றி என் கவலை கொஞ்சம் வேறு. நிகோட்டின் தனியாக இருந்தால் தொண்டையைச் சுரண்டும். என்னை முதல் இழுப்பில் இருமவைத்தது அந்தச் சுரண்டலும்தான். ஒரு வகையில் அது உடம்பின் பிரேக். இப்போது பென்சோயிக் அமிலம் போன்ற ஒன்றைச் சேர்த்து நிகோட்டினை உப்பாக மாற்றுகிறார்கள். தொண்டைக்கு வழவழவென்று இறங்குகிறது. ஒரு மில்லிலிட்டரில் 50 மில்லிகிராமுக்கு மேல் உள்ள திரவங்களைக்கூட இருமாமல் இழுக்க முடிகிறது. பிரேக்கைக் கழற்றிவிட்டார்கள். தவிர, சிகரெட்டுக்கு ஒரு முடிவு உண்டு, விரலைச் சுடும்போது கீழே போட்டாக வேண்டும். இந்தக் கருவி எரிந்து முடிவதில்லை. பேச்சுச் சுவாரசியத்தில் எத்தனை இழுப்பு என்ற கணக்கே இல்லாமல் போய், தலை சுற்றும்போதுதான் பலருக்கு உறைக்கிறது.

ஒன்றையும் இழுக்காமல், மெல்லாமல், வாயில்கூட வைக்காமல் நிகோட்டினால் தலை சுற்றி விழுபவர்களும் இருக்கிறார்கள். புகையிலை வயலில் இலை பறிக்கும் தொழிலாளர்கள். பச்சைப் புகையிலை நோய் என்று அதற்குப் பெயர். அமெரிக்காவின் புளோரிடாவில் 1970ல் மருத்துவர்கள் அதை விவரித்து எழுதினார்கள். நிகோட்டின் தண்ணீரில் கரையும், தோல் வழியாகவும் இறங்கும். விடியற்காலைப் பனியில் நனைந்த இலைகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு போகும்போது அந்த ஈரத்தில் கரைந்த நிகோட்டின் சட்டையை நனைத்து உடம்பில் ஏறுகிறது. சில மணி நேரத்தில் தலைசுற்றல், வாந்தி, தலைவலி, நிற்கமுடியாத களைப்பு. வெயிலால் வந்தது என்றோ தெளித்த மருந்தால் வந்தது என்றோ நினைத்துவிடுவது சுலபம். ஈரமில்லாத இலையைப் பறிப்பது, நீர்புகாத கையுறையும் மேலாடையும் போடுவது, நனைந்த சட்டையை உடனே மாற்றுவது, இவ்வளவில் பெருமளவு தடுத்துவிடலாம். இதில் என்னை யோசிக்க வைத்த ஒன்று உண்டு: அதே வயலில் வேலைசெய்யும் புகைப்பவர்களுக்கு இந்த நோய் குறைவாகவே வருகிறது. புகைக்காதவர்தான் முதலில் விழுகிறார். அதாவது 'பழகியவர்' நின்றுகொண்டிருக்கிறார்.

இப்போது நண்பனின் சொல்லுக்குத் திரும்பலாம். பழகிடும். எது பழகுகிறது?

சாவி உள்ளே இருக்கும்போதே மூடிக்கொண்ட பூட்டை நினைவில் வைத்திருக்கிறீர்கள் அல்லவா. நாள் முழுக்கப் புகைப்பவரின் மூளையில் பெரும்பாலான ஏற்பிகள் அந்த நிலையில்தான் கிடக்கின்றன. மூளையைப் படமெடுத்துப் பார்த்ததில், ஓரிரண்டு இழுப்பிலேயே முக்கிய வகை ஏற்பிகளில் பாதி நிரம்பிவிடுகின்றன. இத்தனை கதவு மூடிக் கிடந்தால் வேலை ஓடாதே என்று மூளை கூடுதலாக ஏற்பிகளை முளைக்க விடுகிறது. புகைப்பவரின் மூளையில் அவை எண்ணிக்கையில் அதிகம். தலை சுற்றாமல் போனதற்குக் காரணம் இதுதான். நிகோட்டின் பலவீனமாகிவிடவில்லை, வாசல்கள்தான் மரத்துப்போயின. இரவு தூங்கும் ஏழெட்டு மணி நேரத்தில் ரத்தத்தில் நிகோட்டின் வடிந்துவிடும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும் பொருள் அது. காலையில் ஏற்பிகள் ஒவ்வொன்றாக விழித்து, சாவிக்காகக் காத்திருக்கின்றன. நாளின் முதல் சிகரெட்டுக்கு மட்டும் ஒரு தனி 'கிக்' இருக்கிறது என்று சொல்கிறார்களே, அது இந்த விழிப்பின் மேல் விழும் அடி. ருசி என்று நினைத்துப் பன்னிரண்டு வருடம் நான் தேடிப்போனது, மொட்டைமாடியில் என்னைச் சுவரைப் பிடிக்கவைத்த அதே கிறுகிறுப்பின் மிச்சத்தைத்தான்.

"முதல் தடவையே தலை சுத்தி வாந்தி எடுத்தான், இனி அந்தப் பக்கமே போகமாட்டான்" என்று பெற்றோர் சிலர் நிம்மதிப்படுவதைக் கேட்டிருக்கிறேன். அப்படி நம்பிவிடாதீர்கள். முதல் புகையில் கிறுகிறுப்பும் ஒருவிதத் தளர்வும் உணர்ந்த இளைஞர்களிடம் பின்னால் அடிமைத்தனம் அதிகமாகத் தெரிந்ததாகவே ஆய்வுகள் சொல்கின்றன.

விட்டவர்களுக்கும் தலை சுற்றும். கேட்கவே வேடிக்கையாக இருக்கும். கூடுதலாக முளைத்த ஏற்பிகள் சாவியில்லாமல் திண்டாடும் நாட்கள் அவை. இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சம், பெரும்பாலோருக்கு இரண்டு முதல் நான்கு வாரத்தில் அடங்கும். ஏற்பிகளின் எண்ணிக்கை பழையபடி திரும்ப 6 முதல் 12 வாரம் ஆகலாம். இதில் யாரும் எதிர்பார்க்காத ஒரு கூட்டாளி காப்பி. புகையில் உள்ள வேறு சில பொருட்கள் கல்லீரலில் காஃபீனை உடைக்கும் நொதியை முடுக்கிவிட்டிருக்கும். புகையை நிறுத்தினால் அந்த முடுக்கம் நின்றுபோய், அதே இரண்டு மூன்று கோப்பைக்கு ரத்தத்தில் காஃபீன் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். படபடப்பு, தூக்கமின்மை, கை நடுக்கம், தலை லேசாவது. நிகோட்டின் இல்லாததால் வருகிறது என்று நினைத்து மறுபடி பற்றவைப்பவர்கள் உண்டு. காப்பியைப் பாதியாகக் குறைத்தாலே பலருக்குச் சரியாகிவிடும்.

நிகோட்டினால் தலை சுற்றினால் செய்ய வேண்டியது அதிகமில்லை. கையில் இருப்பதைக் கீழே வைத்து உட்காருங்கள், கண்ணிருட்டினால் காலை உயர்த்திப் படுங்கள். நல்ல காற்று, கொஞ்சம் தண்ணீர். மூளையில் ஏறிய அலை மற்றத் திசுக்களுக்குப் பரவி இறங்கப் பத்து இருபது நிமிடம் போதும். அதுவரை வண்டி ஓட்ட வேண்டாம், மாடிப்படி இறங்க வேண்டாம். வாந்தி நிற்கவில்லை, நாடி மெதுவாகிறது, தசை துடிக்கிறது, மூச்சு திணறுகிறது, நினைவு தப்புகிறது என்றால் அது நிகோட்டின் விஷமேற்றம், மருத்துவமனைதான். பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கை கால் பலவீனம், நெஞ்சுவலி இவற்றோடு வரும் தலைசுற்றலுக்குப் புகையின் மேல் பழிபோட்டு வீட்டில் இருக்கக்கூடாது.

குழந்தைகள் இருக்கும் வீட்டில் மின்சிகரெட் திரவம் பூட்டிய அலமாரியில் இருக்கட்டும். பெரியவர்களுக்கு 60 மில்லிகிராம் உயிர்போகும் அளவு என்று நூறு வருடத்துக்கு மேல் எழுதிவந்தார்கள். அந்த எண் 19ஆம் நூற்றாண்டில் சிலர் தங்கள் மேலேயே செய்துகொண்ட சோதனைகளிலிருந்து வந்தது என்றும், உண்மை அளவு அதைவிடப் பல மடங்கு அதிகம் என்றும் ஆஸ்திரிய மருந்தியலாளர் பெர்ண்ட் மாயர் 2014ல் வாதிட்டார். பெரியவர்களுக்கு அது ஆறுதலாக இருக்கலாம். பழம் மணக்கும் திரவத்தை ஒரு வாய் விழுங்கிய இரண்டு வயதுக் குழந்தைக்கு அந்த வாதம் உதவாது. வாந்தி எடுக்கவைக்க முயலாமல் உடனே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். தோலில் கொட்டினால் சோப்புப் போட்டு நிறையத் தண்ணீரில் கழுவ வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் அறுபது வயதுக்காரர் ஒருவர் வந்தார். காலையில் மட்டும் தலை சுற்றுகிறது. சர்க்கரை, ரத்த அழுத்தம், காது, கழுத்து எலும்பு எல்லாம் ஏற்கெனவே பார்த்தாகிவிட்டது. தடிமனான கோப்பு, எதிலும் குறையில்லை. "எந்திரிச்சு எவ்வளவு நேரத்தில் சுத்துதுங்க ஐயா?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். எழுந்து, முகம் கழுவி, பால்கனியில் நின்று முதல் சிகரெட்டைப் பற்றவைத்து நாலைந்து இழுப்பு இழுக்கும்போது என்றார். நாற்பது வருடமாகப் புகைக்கிறவர். ஆகவே அதைப் பற்றி யாரும் அவரைக் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. படுக்கையிலிருந்து எழுந்த உடம்பு, வெறும் வயிறு, விழித்துக்கொண்ட ஏற்பிகள், நின்றபடி இழுப்பு. புதிதாகச் சேர்ந்திருந்தது ரத்த அழுத்த மாத்திரை ஒன்று மட்டும். எல்லாவற்றையும் ஒரு தாளில் படம் வரைந்து, பூட்டு சாவியோடு விளக்கினேன். கவனமாகக் கேட்டார், தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மூன்று வாரம் கழித்து வந்தார். முகத்தில் சந்தோஷம். தலைசுற்றல் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"இப்ப பரவாயில்ல டாக்டர்," என்றார். "பால்கனியில ஒரு நாற்காலி வாங்கிப் போட்டுட்டேன்."